துயரம், தியாகம், அமைப்பாக்கம்: 1913 தென்னாப்பிரிக்கப் போராட்டத்தை வகுப்பறையில் வாசித்தல்

முன்னுரை

இனப்பாகுபாட்டை எதிர்த்து ஒரு சமூகம் எவ்வாறு போராடுகிறது என்பதை மாணவர்க்குக் கற்பிப்பது எளிய பணியாகவே தோன்றுகிறது. கொடுமை இன்னது என்று சொல்லி, எதிர்த்து நின்றவர் இன்னார் என்று காட்டி, அவர் அடைந்த வெற்றியையோ எய்திய இறப்பையோ எடுத்துரைத்தால் பாடம் நிறைவுற்றதாகக் கருதுகிறோம். ஆனால் அப்பாடத்தைப் படித்து முடித்த மாணவரிடம், அம்மக்கள் முதல் நாள் என்ன செய்தார்கள், யார் யாரிடம் பேசினார்கள், வேலையை விட்டு வந்தவர்களுக்கு உணவு கொடுத்தவர் யார் என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. கொடுமைக்கும் வெற்றிக்கும் இடைப்பட்ட பகுதி பாடத்தில் விடுபட்டுப் போகிறது. போராட்டம் என்பதோ அந்த இடைப்பட்ட பகுதிதான்.

1913 ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் இந்தியத் தொழிலாளர் நடத்திய போராட்டம் தமிழ் மாணவர்க்கு ஓரளவு அறிமுகமானது. அதில் ஈடுபட்டவர்களுள் பெரும்பகுதியினர் தமிழும் தெலுங்கும் பேசிய எளிய மக்கள். அப்போராட்டத்தை நாம் எவ்வகையில் வாசித்து வந்துள்ளோம், அவ்வாசிப்பில் எது விடுபடுகிறது, விடுபட்டதை வகுப்பறைக்குக் கொண்டுவருவது எங்ஙனம் என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. காந்தி எழுதிய 'தென்னாப்பிரிக்காவில் சத்தியாக்கிரகம்' என்னும் நூல் இதற்கு முதன்மைப் பனுவலாகக் கொள்ளப்படுகிறது.

பின்புலம்

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட 'டுரூரோ' என்னும் கப்பல் 342 பேருடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்றவர்கள்.

நேட்டாலின் வெள்ளையர்க்கு இவர்களுடைய உழைப்பு வேண்டியிருந்தது. இவர்கள் உரிமையுள்ள குடிகளாகத் தங்குவதோ வேண்டாததாக இருந்தது. 1895 இல் இயற்றப்பட்ட சட்டம் இவ்விரண்டையும் ஒருசேரக் கருதியது. ஒப்பந்தக் காலம் முடிந்தபின் ஊர் திரும்பாமலும் மறுஒப்பந்தம் செய்துகொள்ளாமலும் தங்குவோர் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி செலுத்த வேண்டும் என்று அது விதித்தது. பின்னர் 16 வயது கடந்த ஆண்பிள்ளைகளும் 13 வயது கடந்த பெண்பிள்ளைகளும் இவ்வரிக்கு உட்படுத்தப்பட்டனர். ஒப்பந்தத் தொழிலாளியின் முதலாண்டுக் கூலி மாதம் பத்து ஷில்லிங்; மூன்று பவுன் என்பது அறுபது ஷில்லிங். ஆறு மாத உழைப்பை, அந்நாட்டில் வாழ்வதற்கான தண்டமாகச் செலுத்த வேண்டியிருந்தது.

1913 மார்ச்சு மாதத்தில் கேப் மாகாண நீதிபதி சியர்ல் அளித்த தீர்ப்பு மற்றோர் இழிவைச் சேர்த்தது. கிறித்தவ முறைப்படி நடந்து பதிவு செய்யப்படாத மணங்கள் செல்லாவாம் என்பது அதன் விளைவு. அதற்கு முந்தைய ஆண்டு தென்னாப்பிரிக்கா சென்ற கோகலேயிடம் தலைவரியை நீக்குவதாக அமைச்சர்கள் கூறியதாகக் கருதப்பட்ட வாக்குறுதியும் மறுக்கப்பட்டது. வரியும் தீர்ப்பும் 1913 இன் போராட்டத்தை மூட்டின.

துயர வாசிப்பு

புலம்பெயர் தொழிலாளர் பற்றித் தமிழ்ப் பாடத்திட்டங்களில் இடம்பெறும் படைப்புகளை நோக்கினால் இரண்டு பெயர்கள் முதலில் நினைவுக்கு வரும். ஒன்று, பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் உழன்ற பெண்களைப் பாடிய பாரதியின் 'கரும்புத் தோட்டத்திலே'. மற்றொன்று, இலங்கைத் தேயிலைத் தோட்ட வாழ்வைக் கருவாகக் கொண்ட புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'. இரண்டும் தம் காலத்தில் செய்த பணி பெரிது. கடல் கடந்து சென்றவர் என்ன ஆயினர் என்று கேட்காதிருந்த ஒரு சமூகத்தின் மனச்சான்றை அவை தொட்டன.

எனினும் இவற்றை மட்டுமே பயிலும் மாணவர், ஒப்பந்தத் தொழிலாளரை இரக்கத்திற்குரியவராக மட்டுமே அறிகிறார். துயரத்தைக் கண்டு உருகும் நிலையில் வாசகர் கரையில் நிற்கிறார்; துயருறுவோர் தொலைவில் இருக்கின்றனர். உதவி வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்னும் எண்ணம் தன்னையறியாமல் வேரூன்றுகிறது. இது படைப்புகளின் குறையன்று. அவற்றுக்கு அருகில் வேறு பனுவல்களை வைக்கத் தவறிய பாடத்திட்டத்தின் குறை. பாரதி பாடிய அதே வகைத் தோட்டங்களில், அதே வகைத் தொழிலாளர், அவர்தம் வாழ்நாளிலேயே வேலையை நிறுத்தி எழுந்து நின்றனர் என்பதை மாணவர் அறிந்தால் அப்பாடலும் வேறொரு பொருள் பெறும்.

தியாக வாசிப்பு

இரண்டாவது வாசிப்பு தில்லையாடி வள்ளியம்மையை மையமாகக் கொண்டது. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, தாயுடன் போராட்டத்தில் இறங்கி, மாரிட்ஸ்பர்க் சிறையில் நோயுற்று, விடுதலைக்குப்பின் 1914 பிப்ரவரி 22 இல் தம் பதினாறாம் வயதில் இறந்தவர் அவர். காந்தி 1915 இல் தில்லையாடிக்குச் சென்றதும், சென்னையில் ஒரு மாளிகை வள்ளியம்மையின் பெயர் தாங்குவதும், 2008 இல் அஞ்சல்தலை வெளியிடப்பட்டதும் அவர் நினைவு போற்றப்படுவதைக் காட்டும்.

வள்ளியம்மையைப் போற்றுதல் தகும். அவரைத் தனித்து நிறுத்துவதில்தான் சிக்கல் எழுகிறது. தம் சேலையைக் கிழித்துக் கொடியாகக் காட்டினார் என்று மக்களிடையே வழங்கும் கதை இதற்குச் சான்று. காந்தியின் நூலில் அக்காட்சி இல்லை. அங்கு நாம் காண்பது, உடல் நலிந்து படுக்கையில் கிடக்கும் ஒரு பெண்ணுக்கும் அவரைக் காணவந்தவருக்கும் இடையிலான குறுகிய உரையாடல். சிறை சென்றதற்கு வருத்தமில்லை என்றும், மீண்டும் செல்ல ஆயத்தம் என்றும் அப்பெண் அதில் கூறுகிறார். கதை ஓர் அருஞ்செயலைத் தேடுகிறது. நூல் ஒரு முடிவின் உறுதியைப் பதிவு செய்கிறது. அருஞ்செயலை மாணவர் வியக்கலாம், பின்பற்ற இயலாது. உறுதி எவ்வாறு பிறந்தது என்று கேட்டால்தான் பாடம் தொடங்குகிறது. அக்கேள்வி வள்ளியம்மையிடமிருந்து நம்மை அவருக்கு முன்னே சென்ற பெண்களிடம் அழைத்துச் செல்லும்.

பட்டியலும் பெயர்களும்

டால்ஸ்டாய் பண்ணையைச் சேர்ந்த பதினொரு பெண்களின் பட்டியலைக் காந்தி தருகிறார். பவானி தயாளின் மனைவி நீங்கலாக மற்றையோர் தமிழ்ப் பெண்கள் என்று குறிப்பிடுகிறார். அறுவர் கைக்குழந்தையுடன் வந்தவர்கள். பட்டியலின் அமைப்பு நோக்கத்தக்கது. மணமான ஒன்பதின்மரும் கணவர் பெயரால் சுட்டப்படுகின்றனர். மணமாகாத இருவர் மட்டுமே தம் பெயருடன் வருகின்றனர். தம்பி நாயுடுவின் மனைவி என்று நூல் சுட்டும் பெண்ணின் பெயர் வீரம்மாள் என்பதையும், பவானி தயாளின் மனைவி ஜக்ராணி தேவி என்பதையும் நாம் பிற சான்றுகளால் அறிய வேண்டியிருக்கிறது.

பெண்ணிய நோக்கில் இதனைப் பெயர் மறைப்பு என்று கூறிவிடலாம். அது சரியே, ஆயினும் முழுமையன்று. சியர்ல் தீர்ப்பு இப்பெண்களிடமிருந்து பறித்தது மனைவி என்னும் சட்ட நிலையைத்தான். இன்னாரின் மனைவி என்று அவர்களைப் பட்டியலிடுவது, நீதிமன்றம் மறுத்த உறவை எழுத்தில் மீண்டும் நிறுவும் செயலுமாகும். ஒரே பட்டியல் பெண்ணின் பெயரை மறைக்கிறது. அவளது உரிமையை வலியுறுத்தவும் செய்கிறது. இவ்விரு பொருளையும் ஒருங்கே காணப் பயிற்றுவிப்பதே திறனாய்வுக் கல்வி.

இப்பெண்கள் செய்தது என்ன என்பதும் கவனத்திற்குரியது. டிரான்ஸ்வாலில் உரிமமின்றிக் கூவி விற்றுக் கைதாக முயன்றனர். காவலர் அவர்களைக் கைது செய்யவில்லை. பின்னர் மாகாண எல்லையைக் கடந்து நேட்டாலுக்குள் சென்றனர். அங்கும் கைதாகாமையால் நியூகாசில் சுரங்கப் பகுதிக்குச் சென்று, தொழிலாளர் குடியிருப்புகளில் மூன்று பவுன் வரியைப் பற்றிப் பேசினர். அக்டோபர் நடுவில் வேலைநிறுத்தம் தொடங்கிப் பரவிற்று. அதன் பின்னரே அப்பெண்கள் கைது செய்யப்பட்டு மூன்று மாதச் சிறைத்தண்டனை பெற்றனர்.

இப்பேச்சு நிகழ்ந்த மொழியைத் தமிழாய்வாளர் எண்ணிப் பார்க்க வேண்டும். காந்தி சிறையில் தமிழ் பயின்றவர்; ஆயினும் தமிழில் தடையின்றி உரையாடும் நிலையை அவர் எய்தவில்லை. சுரங்கத் தொழிலாளரின் வாசலில் நின்று, அவர்களது மொழியில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கணக்குச் சொன்னவர்கள் இப்பெண்கள். தமிழ் அங்கு அமைப்பாக்கத்தின் கருவியாக இயங்கியது. இலக்கிய வரலாற்றில் இடம்பெறாத இவ்வழக்கு, மொழியின் சமூகப் பயன்பாட்டு வரலாற்றில் இடம்பெறத் தக்கது.

அமைப்பாக்க வாசிப்பு

நூலின் மிக முக்கியமான பகுதி நடைபயணத்தைப் பற்றியது. அதனை வீரக்கதையாக வாசிக்கும் வழக்கத்தை விடுத்து நடைமுறைக் குறிப்பேடாக வாசித்தால் பல செய்திகள் வெளிப்படும்.

வேலைநிறுத்தம் செய்தவர்கள் சுரங்க முதலாளிகளுக்கு உரிய குடியிருப்புகளில் வாழ்ந்தனர். வேலையை நிறுத்திய அளவில் விளக்கும் நீரும் துண்டிக்கப்பட்டன. உடுதுணியும் போர்வையும் மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறுமாறு காந்தி கூறினார். நியூகாசிலில் தமிழ்க் கிறித்தவரான லாசரஸின் குடும்பம் தம் வீட்டைத் திறந்துவிட்டது. வணிகர் பலர் முதலாளிகளின் பகையை அஞ்சி வெளிப்படையாக முன்வரவில்லை. உணவுப் பொருள் தந்து உதவினர். பல்லாயிரவரை எத்தனை நாள் உணவிட்டுக் காப்பது என்னும் கேள்வி எழுந்தது. எல்லையைக் கடந்து கைதாவது என்னும் திட்டம் அக்கேள்விக்கும் விடையாயிற்று. சிறை சென்றால் உணவளிக்கும் பொறுப்பு அரசைச் சேரும். அறத்தின் அடிப்படையில் எழுந்த போராட்டம் அரிசிக் கணக்கையும் எண்ணித்தான் நடந்தது.

நியூகாசிலிலிருந்து 36 மைல் தொலைவிலுள்ள சார்ல்ஸ்டவுன் ஏறத்தாழ ஆயிரம் பேர் வாழ்ந்த சிற்றூர். அங்கு ஆயிரக்கணக்கானோர் தங்கியபோது சமையலையும் துப்புரவையும் காந்தியே முன்னின்று கவனித்தார். 1913 நவம்பர் 6 அன்று எல்லையைக் கடக்கப் புறப்பட்டோர் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 சிறுவர் என்று நூல் கணக்கிடுகிறது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டியும் ஓர் அவுன்சு சர்க்கரையும் என்பது அளவு. வால்க்ஸ்ரஸ்ட் நகரின் ஐரோப்பிய ரொட்டிக்கடைக்காரர் ஒருவர், இரயில் வழியாகக் குறித்த இடங்களுக்கு ரொட்டி அனுப்ப இசைந்தார். வழியில் பிறர் பொருளைத் தொடலாகாது, ஏச்சையும் அடியையும் பொறுத்தல் வேண்டும், கைது செய்தால் உடன்படல் வேண்டும், தலைவர் கைதானாலும் பயணம் தொடர வேண்டும் என்பன விதிகள். தமக்குப்பின் யார், அவருக்குப்பின் யார் என்பதும் முன்னரே வகுக்கப்பட்டது. சில நாள்களில் காந்தி மும்முறை கைதானபோதும் பயணம் நிற்காமைக்கு இவ்வேற்பாடே காரணம்.

இப்பயணத்தில் இரண்டு குழந்தைகள் இறந்தன. ஒன்று குளிரால், மற்றொன்று ஓடையைக் கடக்கையில் தாயின் கையிலிருந்து நீரில் விழுந்து. நூல் இதனைச் சில வரிகளில் கூறிச் செல்கிறது. கணக்கேட்டில் அடங்காத இழப்பு இது. அமைப்பாக்க வாசிப்பு துயரத்தையும் தியாகத்தையும் விலக்குவதில்லை, அவை நிகழ்ந்த இடத்தில் வைத்துக் காண்கிறது என்பதற்கு இவ்வரிகளே சான்று.

எடுத்துரைப்பாளர் காணாத களம்

காந்தி இந்நூலை 1923 இறுதியில் எரவாடாச் சிறையில் குறிப்புகளின் துணையின்றி நினைவிலிருந்து எழுதத் தொடங்கினார். ஆகவே எடுத்துரைப்பாளர் எங்கு நின்றாரோ அங்கு வரலாறு விரிகிறது. அவர் இல்லாத இடத்தில் சுருங்குகிறது. 1913 நவம்பர் 11 அன்று டண்டியில் அவருக்கு ஒன்பது மாதத் தண்டனை விதிக்கப்பட்டது. அதன்பின்தான் வேலைநிறுத்தம் கடற்கரைப் பகுதியின் கரும்புத் தோட்டங்களிலும் டர்பன் நகரிலும் பெருந்தீயாகப் பரவிற்று. ஏறத்தாழ 20,000 தொழிலாளர் அதில் இறங்கினர். தோட்டங்களில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து தொழிலாளர் பலர் மாண்டனர். போராட்டத்தின் மிகப் பெரிய இக்கட்டம் நூலில் பெறும் இடமோ சிறிது.

1985 இல் வெளிவந்த மோரீன் ஸ்வானின் ஆய்வு, கடற்கரை வேலைநிறுத்தம் பெரும்பாலும் தலைமையின் திட்டத்திற்கு வெளியே தொழிலாளர் தாமே எழுப்பியது என்று காட்டியது. இதனுடன் டர்பனில் 'ஆப்பிரிக்கன் கிரானிக்கிள்' என்னும் இதழை ஆங்கிலத்திலும் தமிழிலும் நடத்திய பி. எஸ். ஐயரையும் நினைவுகூர வேண்டும். அவர் காந்தியை விமர்சித்தவர். மூன்று பவுன் வரியை எதிர்த்து 1911 முதலே இயக்கம் நடத்தியவர். 1903 இல் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' இதழின் தமிழ்ப் பகுதி 1906 இல் நின்றுவிட்ட சூழலில், தமிழில் எழுந்த இத்தகைய குரல்கள் மதிப்புமிக்கவை. ஒரு சமூகம் ஒரே குரலில் போராடுவதில்லை என்பதற்கு அக்கருத்து வேறுபாடே சான்று. இதனை மாணவரிடமிருந்து மறைத்தால், கருத்து மாறுபாடு தோன்றும்போதெல்லாம் போராட்டம் தோற்றுவிட்டதாக அவர்கள் எண்ணக்கூடும்.

அண்டை வீட்டார்

1913 தென்னாப்பிரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றிலும் திருப்புமுனையான ஆண்டு. மே மாதத்தில் புளூம்ஃபான்டீனில் ஆப்பிரிக்கப் பெண்கள், தம்மீது சுமத்தப்பட்ட அனுமதிச்சீட்டுச் சட்டத்தை எதிர்த்துத் திரண்டு சிறை சென்றனர். சூன் மாதத்தில் இயற்றப்பட்ட நிலச்சட்டம் ஆப்பிரிக்கர் நிலம் வாங்கும் உரிமையை நாட்டின் மிகச் சிறு பகுதிக்குள் அடைத்தது. சோல் பிளாட்ஜே 1916 இல் வெளியிட்ட நூல் இவ்விரண்டையும் பதிவு செய்கிறது. ஆப்பிரிக்கத் தேசிய இயக்கத்தின் முதல் தலைவர் ஜான் டூபேயின் ஓலாங்கே பள்ளி, காந்தியின் பீனிக்ஸ் குடியிருப்புக்கு அண்மையில் இருந்தது. அண்டையில் இருந்தும் இரு போராட்டங்களும் இணையவில்லை. காந்தியின் தொடக்ககால எழுத்துகளில் ஆப்பிரிக்கரைத் தாழ்த்தும் சொற்கள் உள்ளன. 2015 இல் அஷ்வின் தேசாய், கூலாம் வாஹெத் இருவரும் எழுதிய நூல் இதனைக் கடுமையாக எடுத்துக்காட்டியது. 2018 இல் கானாப் பல்கலைக்கழகம் தன் வளாகத்திலிருந்த காந்தி சிலையை அகற்றியது.

இச்செய்திகளைக் கற்பித்தால் போராட்டத்தின் பெருமை குன்றும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பாகுபாட்டுக்கு ஆளானவரும் பாகுபாடு காட்டக்கூடும் என்பதைவிடத் தேவையான பாடம் இன்று வேறில்லை. வரலாறும் அங்கேயே நின்றுவிடவில்லை. 1947 இல் சூமா, டாடூ, நாயக்கர் ஆகிய மூன்று மருத்துவர்கள் கூட்டு உடன்பாடு கண்டனர். 1952 இன் சட்டமறுப்பு இயக்கத்தில் ஆப்பிரிக்கரும் இந்தியரும் உள்ளிட்ட 8,000 பேருக்கு மேல் சிறை சென்றனர். 1913 இல் சிறை சென்ற தம்பி நாயுடு, வீரம்மாள் இணையரின் பேரன் இந்திரஸ் நாயுடு, ராபன் தீவுச் சிறையில் ஆப்பிரிக்கத் தோழர்களுடன் பத்தாண்டுகள் அடைபட்டிருந்தார். பாட்டி எல்லை கடந்ததற்கும் பேரன் தீவுச் சிறை சென்றதற்கும் இடையில் ஒரு சமூகம் யாரைத் தம்மவராகக் கருதியது என்பது விரிந்திருக்கிறது.

வகுப்பறையில் செய்யத்தக்கன

இவ்வாய்வின் அடிப்படையில் சில பயிற்சிகளை முன்மொழியலாம். முதலாவது, நடைபயணப் பகுதியை மாணவரிடம் தந்து, அதில் சமைத்தவர், இடம் தந்தவர், பொருள் தந்தவர், பேசியவர், நடந்தவர் என்று வினைகளைப் பிரித்து அட்டவணையிடச் செய்தல். எவ்வினைக்குப் பெயர் உண்டு, எதற்கு இல்லை என்பது தானே புலப்படும். இரண்டாவது, பாரதியின் பாடலையும் பதினொரு பெண்களின் பட்டியலையும் அடுத்தடுத்து வாசித்தல். மூன்றாவது, காந்தியின் நூலையும் பிளாட்ஜேயின் நூலையும் 1913 என்னும் ஒரே ஆண்டை வைத்து ஒப்பிடல். நான்காவது, 1914 இன் இந்தியர் நிவாரணச் சட்டத்தால் கிடைத்தவை எவை, கிடைக்காதவை எவை என்று கணக்கிடல். தலைவரி நீங்கியது, மணங்கள் ஏற்கப்பட்டன. வாக்குரிமையும், நிலம் வாங்கும் உரிமையும், மாகாணம் விட்டு மாகாணம் செல்லும் உரிமையும் கைகூடவில்லை. வெற்றி, தோல்வி என்னும் இரு சொற்களுக்குள் அடங்காத விளைவை மாணவர் அளந்தறிய இது உதவும்.

இப்பயிற்சிகளின் தேவை தொலைநாட்டு வரலாற்றோடு முடிவதன்று. 2014 சனவரியில் தலைநகர் தில்லியில் அருணாசலப் பிரதேச மாணவர் ஒருவர் தாக்கப்பட்டு இறந்தபின், வடகிழக்கு மக்கள் எதிர்கொள்ளும் இனப்பாகுபாட்டை ஆராயப் பெஸ்பரூவா குழு அமைக்கப்பட்டது. 2017 இல் கிரேட்டர் நொய்டாவில் ஆப்பிரிக்க மாணவர்கள் தாக்கப்பட்டனர். தமிழகத்திற்கு வெளியே இயங்கும் தமிழ்த்துறைகளின் மாணவர், இத்தகைய மாணவர்களுடன் ஒரே வளாகத்தில் வாழ்கின்றனர். அவர்களுக்கு நேரும் இழிவைக் கண்டு இரங்கவும், என்றோ ஒருவர் செய்த தியாகத்தை வியக்கவும் நம் பாடங்கள் பயிற்றியுள்ளன. அடுத்த அறையில் வாழ்பவருடன் சேர்ந்து என்ன செய்வது என்பதைப் பயிற்றவில்லை.

முடிவுரை

புலம்பெயர் தொழிலாளர் பற்றிய நம் கல்வி துயர வாசிப்பிலும் தியாக வாசிப்பிலும் நின்றுவிட்டது. இவ்விரண்டும் உணர்வை எழுப்புகின்றன, செயலைக் கற்பிப்பதில்லை. காந்தியின் நூலை அமைப்பாக்க நோக்கில் வாசித்தால், உணவு, உறைவிடம், மொழி, விதி, தலைமைத் தொடர்ச்சி ஆகியவற்றின் வழியே ஒரு சமூகம் எழுந்து நின்ற முறை புலனாகிறது. அந்நூலின் எல்லைகளான பெயரற்ற பெண்கள், கடற்கரைத் தொழிலாளர், ஆப்பிரிக்க அண்டையர் ஆகியோரையும் சேர்த்து வாசிக்கும்போதே அப்பாடம் முழுமை பெறும். வள்ளியம்மைக்கு அஞ்சலி செலுத்தும் வகுப்பறைகள், அவருக்கு முன்னே நியூகாசில் சென்ற பதினொரு பெண்கள் தொழிலாளரிடம் என்ன பேசியிருப்பார்கள் என்று கேட்கத் தொடங்க வேண்டும். அவர்கள் பேசிய மொழியைக் கற்பிக்கும் துறைகளுக்கு அக்கேள்வியில் தனிக் கடமை உண்டு.